எந்தப் பக்கம் உட்காருவது?



நம் சங்க மலரில் இதுவரை சமையல் குறிப்புகளும் ஊர் நினைவுகளுமே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை ஆசிரியர் குழுவிடம் அனுமதி கேட்டு, சற்றுச் சங்கடமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேவாலயத்தில் பெண்களுக்கு என்ன இடம், திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பு உடையவர்கள் ஆகியோருக்கு என்ன இடம் என்பதே அது. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆகவே எனக்குத் தெரிந்த சபைகளை வைத்தே எழுதுகிறேன். மற்றச் சமயத்தைச் சேர்ந்த சங்கக் குடும்பத்தாரும் படிக்க வேண்டும். இது ஒரு சமயத்தாரின் வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து என் கணவரின் வேலை நிமித்தம் கொச்சிக்கு வந்து, வைட்டிலாவில் குடியேறி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஞாயிறுதோறும் நகரத்திலுள்ள ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறோம். சபையின் பெயர் வேண்டாம். நம் பக்கத்துத் தேவாலயங்கள் பலவற்றில் உள்ளதுபோல அங்கும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம் உட்காருவது வழக்கம். பெண்கள் ஐக்கியத்திற்கு நான் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, ஆராதனை தொடங்கிய பிறகு சேலை உடுத்திய இளம்பெண் ஒருத்தி வந்து பெண்கள் பக்கத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கேயோ பார்த்த முகம். பாட்டு முடிவதற்குள் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை. சிறு வயதில் பையனாகப் பாடகர் குழுவில் பாடிய பிள்ளை. பத்தாண்டுகள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாமலிருந்த பிள்ளை, திருநங்கையாகத் திரும்பி வந்திருந்தாள்.

அவள் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் எழுந்து முன் பெஞ்சுக்குப் போனார்கள். காணிக்கை எடுக்கும் பெரியவர் ஒருவர் வந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள். அங்கேயும் யாரும் நகரவில்லை. வெளியே போய் வராந்தாவில் நின்று பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, ஆசீர்வாதத்திற்கு முன்பே போய்விட்டாள்.

நான் இரண்டு பெஞ்சு தள்ளித்தான் இருந்தேன். என் பக்கத்தில் இடம் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

மறு வாரம் அவளுடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அக்கா, எம் பிள்ளை எந்தப் பக்கம் இருக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் அங்கேயே இருத்திக்கிடுறேன்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததும் கேட்டதும் யோசித்ததுமே இக்கட்டுரை.

பெண்ணிய ஆன்மீகம் என்றால் என்ன?

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கடவுளைத் தேடுவதில் பெண்ணின் அனுபவத்துக்கும் ஆணின் அனுபவத்துக்கு உள்ள அதே மதிப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். கடவுளை ஆண்டவர், அரசர், தகப்பன் என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். வேதாகமத்திலோ வேறு உருவங்களும் உள்ளன. ஏசாயா 66ஆம் அதிகாரத்தில் கடவுள் பிள்ளையைத் தேற்றும் தாயாகப் பேசுகிறார். லூக்கா 13இல் இயேசு தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிடுகிறார். லூக்கா 15இல் தொலைந்த காசை விளக்கேற்றித் தேடும் பெண், காணாமற்போனவர்களைத் தேடும் கடவுளுக்கு உவமையாகிறாள்.

தமிழருக்கு இது புதிதன்று. திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனின் பெயர் தாயுமானவர். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்கு இறைவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலவரலாறு. கடவுளைத் தாயாகப் பார்க்க நம் பாட்டிமார் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் உருவகம் வேறு, உரிமை வேறு. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாயிற்று. அதில் முதன்முதலாக ஒரு பெண், எலிசபெத் பால், குருவாக அபிஷேகம் பெற்றது 1976இல். முதல் பெண் பேராயராக நந்தியால் திருமண்டலத்தில் புஷ்ப லலிதா பொறுப்பேற்றது 2013இல். உலகத் திருச்சபைகளின் மன்றம் 1988 முதல் 1998 வரையுள்ள பத்தாண்டுகளைப் பெண்களோடு திருச்சபைகள் தோழமை கொள்ளும் பத்தாண்டு என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் மன்றத்தின் பெண்கள் பிரிவில் பொறுப்பு வகித்த அருணா ஞானதாசன், தேவாலயத்துக்குள்ளும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பெண்கள் படும் அடி உதையை மூடி மறைக்கக் கூடாது என்று 1993இல் ஒரு நூலே எழுதினார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் குருவாக முடியாது. ஆயினும் அங்கும் சில கதவுகள் திறந்தன. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இல் ரோமிலிருந்து ஆணை வந்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலபார் சபையோ, அந்த ஆணை இலத்தீன் வழிபாட்டு முறைக்கு உரியது, நாங்கள் ஆண்களின் பாதங்களையே கழுவும் பழைய வழக்கத்தைத் தொடர்வோம் என்று 2017இல் அறிவித்தது. ஒரே நகரத்தில், ஒரே திருச்சபைக் குடும்பத்துக்குள், ஒரு பெண்ணின் பாதத்தைப் பற்றி இரண்டு விதிகள்!

கூனம்மாவின் மூங்கில் வீடு

கொச்சியில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வைப்பின் தீவில் ஓச்சந்துருத்தில் 1831இல் பிறந்தவர் ஏலீசுவா. இளவயதிலேயே, ஒரு பெண் குழந்தையோடு விதவையானார். மறுமணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்து, தனிமையிலும் ஜெபத்திலும் வாழ்ந்தார். இங்கே அன்று பெண்களுக்கென்று துறவு மடம் கிடையாது. 1866 பிப்ரவரி 13 அன்று, கர்மேல் சபைக் குருக்களின் துணையோடு, கூனம்மாவில் மூங்கில் பாய்களால் கட்டிய ஒரு சிறு வீட்டில் ஏலீசுவாவும் அவர் மகளும் தங்கையும் துறவு வாழ்வைத் தொடங்கினர். கேரளத்தின் முதல் பெண் துறவியர் சபை அதுதான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அங்கே எழுந்தது.

அந்தச் சபை 1890இல் வழிபாட்டு முறையின்படி இரண்டாகப் பிரிந்தது. இலத்தீன் பிரிவு ஒன்று, சீரோ மலபார் பிரிவு மற்றொன்று. ஏலீசுவா அம்மையாருக்கு 2025 நவம்பர் 8 அன்று வல்லார்பாடத்தில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

விதவை என்றால் வீட்டின் மூலையில் இரு என்று சொன்ன காலத்தில், தனக்கும் பிற பெண்களுக்கும் ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டவர் அவர். அதனால்தான் பெண்ணிய ஆன்மீகம் என்பதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று யாராவது சொன்னால் நான் கூனம்மாவைக் காட்டுகிறேன்.

இதன் தொடர்ச்சி நம் காலத்தில் நடந்தது. 2016 டிசம்பர் 30 அன்று கொச்சி திருக்காக்கரையில் சகஜ் இன்டர்நேஷனல் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. இடையில் படிப்பை விட நேர்ந்த திருநங்கையரும் திருநம்பியரும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத உதவுவதற்கான பள்ளி. பத்து மாணவர்களுக்கு இடம் வைத்துத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் திருநங்கைக் கவிஞர் விஜயராஜ மல்லிகா. தொடங்கி வைத்தவர் நம் பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்பிரமணியம். அந்தப் பள்ளிக்கு வாடகைக்கு இடம் கேட்டபோது பலரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கட்டடம் கொடுத்தவர்கள் கர்மேல் அன்னை சபையின் கன்னியர்கள். கூனம்மாவின் மூங்கில் வீட்டிலிருந்து வந்த அந்த இரண்டு கிளைகளில் ஒன்றுதான் அச்சபை. சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து!

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கன்னியர்கள் ஒரு கட்டடத்தையே கொடுத்தார்கள். நான் அரைப் பெஞ்சுகூடக் கொடுக்கவில்லை.

வேலை கிடைத்தும் வீடு கிடைக்கவில்லை

இடம் என்று நான் சொல்வது ஆராதனைப் பெஞ்சை மட்டும் அல்ல. கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியபோது 23 திருநர்களை வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதும் பாராட்டியது. சேர்ந்த சில நாள்களிலேயே எட்டுப் பேர் விலகிவிட்டார்கள். முக்கியக் காரணம், தங்குவதற்கு வீடு கிடைக்காததுதான். வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். விடுதிகளில் கொடுக்கும் நாள் வாடகைக்குச் சம்பளம் போதவில்லை.

வைட்டிலாவில் இன்று தலைக்குமேல் மெட்ரோ போகிறது, ஹப்பில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வந்து நிற்கின்றன, பக்கத்திலேயே காக்கநாட்டுக்குப் படகும் புறப்படுகிறது. பிழைக்க வருகிறவர்கள் இறங்கும் இடம் இது. நாமும் இப்படி வந்து இறங்கியவர்கள்தாம். "தமிழ்க்காரர்களுக்கு வீடு இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய அனுபவம் நம்மில் சிலருக்காவது இருக்கும். அந்த நாள் மறந்துவிட்டதா?

வேதாகமம் என்ன சொல்கிறது?

சபையில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். தேவன் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்று ஆதியாகமம் சொல்கிறது என்பார்கள். லேவியராகமத்தையும், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த வசனங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. தன்பாலுறவைப் பற்றி அவை சொல்வது எந்தச் சூழலுக்கு உரியது என்பதில் இறையியல் படித்தவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்க எனக்குப் படிப்பில்லை.

ஆனால் நான் ஐம்பது ஆண்டுகள் வாசித்தும் கவனிக்காத ஒன்றை ஒரு வேதபாட வகுப்பில் கற்றுக்கொண்டேன். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு வழியில் ஓர் எத்தியோப்பியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். நாம் ஞாயிறு பள்ளியில் அவரை 'எத்தியோப்பிய மந்திரி' என்றே படித்தோம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது. கிரேக்க மூலத்திலோ அவர் ஓர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். தமிழில் மந்திரி என்ற பதவி நின்றது, அவருடைய உடலைப் பற்றிய செய்தி மறைந்துபோயிற்று!

இது ஏன் முக்கியம்? அண்ணகர் சபைக்குள் வரக் கூடாது என்று உபாகமம் 23 தடுக்கிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ, அண்ணகர் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் பெற்றவர்களைவிட மேலான பெயர் அவருக்குத் தம் ஆலயத்தில் உண்டு என்று கடவுள் வாக்களிப்பதாகச் சொல்கிறது. அந்த எத்தியோப்பியர் தேரில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்ததும் அதே ஏசாயா புத்தகத்தைத்தான். தனக்கு ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவர் கேட்கிறார். பிலிப்பு எந்தத் தடையும் சொல்லவில்லை, தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றல்லர் என்பதை நான் அறிவேன். ஆனால் உடலைக் காரணம் காட்டி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்ற வகையில் இருவர் நிலையும் ஒன்றே.

பெண்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ரோமர் 16இல் வரும் பெபேயாளுக்குப் பவுல் கொடுக்கும் பட்டம், மற்ற இடங்களில் அவர் தமக்கே இட்டுக்கொள்ளும் அதே கிரேக்கச் சொல். நாம் அதை 'ஊழியக்காரி' என்று வாசித்து, பாத்திரம் கழுவுகிறவள் போலும் என்று நினைத்துக்கொண்டோம்.

சபைகள் இன்று எங்கே நிற்கின்றன?

சட்டம் சபைகளை முந்திக்கொண்டு போய்விட்டது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. கேரளம் 2015இல் திருநர் கொள்கையை வெளியிட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்து, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்றது.

சபைகளின் நிலை கலவையானது. இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம், பாலினச் சிறுபான்மையினரைப் பற்றிச் சபைகளும் இறையியல் கல்லூரிகளும் பேசத் தொடங்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. தமிழ்நாட்டில் பாரதி என்ற திருநங்கை இறையியல் படித்து, செங்கல்பட்டு வட்டாரத்தில் போதகராகப் பணியாற்றியதைச் செய்தித்தாள்கள் எழுதின. ரோமில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. திருநர்கள் ஞானஸ்நானம் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராகவும் இருக்கலாம் என்பது ஒன்று. தன்பாலினத் தம்பதியரைத் திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் குரு ஆசீர்வதிக்கலாம் என்பது மற்றொன்று. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற போதனை மாறவில்லை.

ஆகவே, எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது, ஒன்றும் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது.

என் பாட்டியின் குப்பாயம்

ஏன் பெண்கள் விஷயத்தையும் திருநங்கையர் விஷயத்தையும் சேர்த்துப் பேசுகிறாய் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு என் ஊர்க் கதையே பதில்.

எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது. மிஷனெரிமாரிடம் கல்வி பெற்ற பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணிந்து ஆலயத்துக்கும் சந்தைக்கும் போனபோது, சட்டை கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் மகாராஜா ஆணை பிறப்பித்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இதைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். என் பாட்டி தன் பாட்டி சொன்னதாக இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் நடுங்கும்.

ஒருத்தி என்ன உடுத்திக்கொண்டு ஆலயத்துக்கு வர வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்த கொடுமையை அனுபவித்த வம்சம் நாங்கள். சேலை கட்டி வந்த அந்தப் பிள்ளையை வராந்தாவில் நிற்க வைத்ததும் நாங்களேதாம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது.

பிறகு நடந்தது

பெண்கள் ஐக்கியத்தில் இந்தப் பொருளைப் பேச வேண்டும் என்றேன். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர்தாம் வந்தார்கள். "நம்ம பிள்ளைங்க கெட்டுப்போயிரும்" என்று ஒரு தாய் பயந்தார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஊரை விட்டு வந்து, பிள்ளைகளைத் தமிழும் ஒழுக்கமுமாக வளர்க்கப் பாடுபடும் குடும்பங்களில் அந்தப் பயம் இயல்பு. ஆனால் பக்கத்தில் உட்காருவதால் யாரும் திருநங்கை ஆகிவிடுவதில்லை. ஒதுக்கினால் மட்டும் என்ன ஆகும் என்பதை, பத்தாண்டுகள் பிள்ளை முகம் பார்க்காமலிருந்த அந்தத் தாய் அன்று அதே கூட்டத்தில் எழுந்து சொன்னார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

நான்கு மாதம் வேதபாடம் நடந்தது. போதகர் ஐயா எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆயினும், ஆராதனைக்கு வரும் யாரையும் எழுப்பக் கூடாது என்று அறிவித்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நான் வாசலில் நின்று அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் அருமையாகப் பாடுவாள் என்பதை மறந்தே போயிருந்தோம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. பாடகர் குழுவில் அவளைச் சேர்ப்பதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அவள் எல்லா ஞாயிறும் வருவதில்லை. வரும்போது கடைசிப் பெஞ்சில் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

நம்மால் ஆவது

திருமண விதியை மாற்றுவதும் குருப்பட்டம் கொடுப்பதும் நம் போன்றவர்களின் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை சிறியவை. ஒருவர் தம் பெயர் இதுதான் என்று சொன்னால் அந்தப் பெயரால் கூப்பிடலாம். பழைய பெயரைக் கிளற வேண்டாம். மாடிப் பகுதியை வாடகைக்கு விடும்போது வேலையும் முன்பணமும் பார்ப்போம், பாலினம் பார்க்க வேண்டாம். பிள்ளை வந்து மனம் விட்டுச் சொன்னால் அடிக்காமல், மந்திரவாதியிடமோ பேயோட்டுகிறவரிடமோ கூட்டிப் போகாமல், முதலில் உட்கார்ந்து கேட்கலாம். நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் பந்தியில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை உண்டு. அங்கேயும் நாளை யாராவது தயங்கி நின்றால், நகர்ந்து இடம் கொடுப்பது யார் என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

தாமதமாக இடம் கிடைத்தவர்கள் பெண்களாகிய நாம். அடுத்து வருகிறவருக்கு நகர்ந்து கொடுக்க வேண்டியதும் முதலில் நாம்தான்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலோடு முடிக்கிறேன்: "எந்தப் பக்கம்னு கேட்காதீங்க. எம் பக்கத்துல இருக்கட்டும்."

— வைட்டிலாவிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்